பெண் கவிதையில் வீடும் அடுப்பும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கவிதை வாசிப்புக் கூட்டங்களிலும் வகுப்புகளிலும் பெண் கவிஞர்களைப் பற்றிப் பேச்செடுத்தால் சில சந்தேகங்கள் தவறாமல் வந்துவிடுகின்றன. கூட்டத்தின் அவசரத்தில் பாதி பதில்தான் சொல்ல முடிகிறது. அதனால் கேட்டவர்களின் வார்த்தையிலேயே கேள்விகளை எழுதி, பதில்களை நிதானமாகச் சேர்த்திருக்கிறேன். எளிய கேள்விகள் முன்னால் இருக்கின்றன, சிக்கலானவை போகப் போக வரும்.

கவிதையில சட்டி, பானை, அடுப்புன்னு வந்தாலே அது வீட்டுப் படிமமா?

பொருள் வந்தால் மட்டும் போதாது. அந்தப் பொருளோடு ஒரு வேலை வர வேண்டும். அந்த வேலையை ஒருவர் இன்னொருவருக்காகச் செய்கிறார் என்பது தெரிய வேண்டும். யார் செய்கிறார், யாருக்காகச் செய்கிறார், அதை யார் பார்த்துச் சொல்கிறார் என்று கேட்டுப் பாருங்கள். பதில் கிடைத்தால் அந்தச் சட்டிக்குக் கவிதையில் வேலை இருக்கிறது. கிடைக்காவிட்டால் அது சும்மா பின்னணியில் கிடக்கிறது.

குறுந்தொகையின் 167-ஆம் பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். புதிதாகக் குடித்தனம் வைத்த பெண் மோர்க்குழம்பு வைக்கிறாள். கட்டித் தயிரைப் பிசைந்த விரலைச் சேலையிலேயே துடைத்துக்கொள்கிறாள், அதை மாற்ற நேரமில்லை. தாளிப்புப் புகை மை தீட்டிய கண்ணில் ஏறுகிறது. “தான்துழந்து அட்ட தீம்புளிப் பாகர்” என்று வருகிறது, அதாவது அவளே துழாவிச் சமைத்தது. கணவன் ‘இனிது’ என்று சொல்லிச் சாப்பிடுகிறான், அவள் முகம் நுட்பமாக மலர்கிறது. பார்த்துவிட்டு வந்து அவளைப் பெற்ற தாயிடம் சொல்பவள் வளர்த்த செவிலி. மூன்று கேள்விக்கும் ஆறு அடிக்குள் பதில் வந்துவிட்டது.

அந்தப் பாட்டை எழுதினது கூடலூர் கிழார்னு ஒரு ஆண்தானே? அதை ஏன் பெண் கவிதைப் பேச்சுல கொண்டுவர்றீங்க?

ஆண் எழுதியதுதான். அகப்பாடல் மரபில் ஆண் புலவர்கள் தலைவியாக, தோழியாக, செவிலியாகப் பேசுவது சாதாரணம். எழுதியவரின் பாலும் பேசுகிற குரலின் பாலும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை என்பதை முதலிலேயே தெரிந்துகொள்வது நல்லது. பின்னால் இது பல இடங்களில் உதவும்.

இந்தப் பாட்டை இங்கே வைப்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. அது மிக நல்ல பாட்டு. ஆனால் கண்ணில் புகை ஏறியது அதில் அழகாகி முடிந்துவிடுகிறது. எரிச்சல் எங்கே போனது என்று பாட்டு கேட்பதில்லை. பிற்காலத்துப் பெண் கவிஞர்கள் பலர் அந்த இடத்திலிருந்துதான் தொடங்குகிறார்கள்.

பங்கு முரண்ங்கறது மாமியார் மருமகள் சண்டை மாதிரியா?

இல்லை. அது இரண்டு பேருக்கு நடுவில் நடப்பது. பங்கு என்று இங்கே சொல்வது தாய், மனைவி, மகள் என்று ஒருவர் ஏற்கிற இடத்தை. அந்த இடங்கள் மோதுகிற பங்கு முரண் ஒரே ஆளுக்குள் நடப்பது. ஒருத்தியே தாயாக ஒன்றைச் செய்ய வேண்டும், குடிமகளாக அதற்கு நேர் எதிரானதைச் செய்ய வேண்டும். இரண்டுமே அவள் ஒப்புக்கொண்ட கடமைகள். ஒன்றைச் செய்தால் மற்றது கெடும்.

ஒக்கூர் மாசாத்தியாரின் புறநானூறு 279 இதற்குக் கூர்மையான உதாரணம். முந்தைய போரில் பிறந்த வீட்டு ஆள் ஒருவன் போய்விட்டான். நேற்றைய போரில் கணவன். இன்றும் பறை கேட்கிறது. அவளுக்கு மிச்சமிருப்பது ஒரே மகன், குடுமி கூடச் சரியாகப் படியாத சிறுவன். அவள் என்ன செய்கிறாள்? வேலைக் கையில் கொடுக்கிறாள், வெள்ளை உடையை விரித்து உடுத்திவிடுகிறாள், தலைக்கு எண்ணெய் தடவுகிறாள், “செருமுகம் நோக்கிச் செல்க” என்று அனுப்புகிறாள். உடுத்துவதும் எண்ணெய் தடவுவதும் தாய் தினமும் வீட்டில் செய்கிற வேலைகள். அதே கை, அதே எண்ணெய், போவது மட்டும் போர்க்களம். வேல் அந்த வரிசையில் இன்னொரு வீட்டுப் பொருள் போல வந்து உட்கார்ந்திருக்கிறது. “கெடுக சிந்தை” என்று பாட்டு தொடங்குவதை வீரத்தாய் புகழ்ச்சி என்று மட்டும் பாடப்புத்தக வழியில் படித்துவிட்டுப் போவது எனக்கு ஒப்பவில்லை. பறை கேட்டு அவள் “விருப்புற்று மயங்கி” என்கிறது பாட்டு. அந்த மயக்கத்தைத் தாண்டிப் போகக் கூடாது.

சங்கப் பெண் புலவர்கள் சமையலைப் பத்தி நேரடியா எழுதியிருக்காங்களா?

எழுதியிருக்கிறார்கள். என் கணக்கில் தமிழின் மிகக் கடுமையான சமையல் குறிப்பு புறநானூறு 246-இல் இருக்கிறது. பாடியவர் பூதப்பாண்டியனின் தேவி பெருங்கோப்பெண்டு. கணவன் இறந்ததும் தீயில் விழத் துணிகிறார். சான்றோர் தடுக்கிறார்கள். அவர்களைப் “பொல்லாச் சூழ்ச்சிப் பல்சான்றீரே” என்று அழைத்து, நீங்கள் என்னை எந்த வாழ்க்கைக்குத் திரும்பச் சொல்கிறீர்கள் என்று ஒவ்வொன்றாக எடுத்து வைக்கிறார்: வெள்ளரி விதை போல வெளுத்த நெய் தொடாத சோறு, அதுவும் நீரிலிருந்து கையால் பிழிந்து இலையில் வைத்த உருண்டை. தொட்டுக்கொள்ள வெள்ளை எள்ளுத் துவையல். புளி விட்டு அவித்த வேளைக் கீரை. படுக்கப் பாய் கிடையாது, பருக்கைக் கல்தான். இப்படிக் கிடக்கும் பெண்டிர் நாங்கள் அல்லோம், எமக்குத் தாமரைப் பொய்கையும் தீயும் ஒன்றுதான் என்று முடிக்கிறார்.

உடன்கட்டையை இந்தப் பாட்டை வைத்து யாராவது போற்றினால் எனக்குக் கோபம் வரும். பாட்டு நமக்குக் காட்டுவது வேறு. தீ ஏன் குளம் போலக் குளிர்ச்சியாகத் தெரிகிறது என்றால், தட்டில் என்ன விழும் என்று அவருக்குத் தெரியும். அரசியாகவே இருந்தாலும் மனைவி என்ற இடம் போனதும் நெய் நின்றுவிடும், பாய் போய்விடும். கைம்மையைப் பற்றி எத்தனையோ பேர் அழுதழுது எழுதியிருக்கிறார்கள். இங்கே அழுகையே இல்லை, ஒரு வேளைச் சாப்பாடுதான் இருக்கிறது. வீட்டுப் படிமம் எவ்வளவு தூரம் போகும் என்று யாராவது கேட்டால் நான் முதலில் காட்டுவது இந்தப் பாட்டைத்தான்.

ஆண்டாளும் காரைக்கால் அம்மையாரும் வீடே வேண்டாம்னு போனவங்க. அவங்களுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

ஆண்டாள் வேண்டாம் என்றது மானிடனோடு மணத்தை. “மானிடவர்க்கென்று பேச்சுப்படில் வாழகில்லேன்” என்கிறார். ஆனால் திருப்பாவை முழுக்க வீட்டுச் சத்தம்தான். மத்தால் தயிர் கடையும் ஓசை கேட்கிறது. கறக்காத எருமைகள் கன்றை நினைத்துப் பாலைச் சொரிந்து வீட்டைச் சேறாக்குகின்றன. வீட்டுக்காரன் கண்ணனை விட்டு நகராததால்தான் கறவை நின்றுபோனது என்று உரைகாரர்கள் சொல்வார்கள். பக்தன் என்ற பங்கும் இடையன் என்ற பங்கும் மோதினால் வீட்டுத் தரை என்ன ஆகும் என்பது அந்த ஒரு வரியில் இருக்கிறது. நாச்சியார் திருமொழியில் சிறுமிகள் மணல்வீடு கட்டிவிட்டு, சிதைக்காதே என்று கண்ணனைக் கெஞ்சுகிறார்கள். “இன்று முற்றும் முதுகுநோவ இருந்திழைத்த இச்சிற்றிலை” என்பது வரி. விளையாட்டு வீட்டுக்கும் முதுகுவலி உண்டு என்று ஆண்டாளுக்குத் தெரிந்திருக்கிறது.

காரைக்கால் அம்மையாரின் மாம்பழக் கதையை எல்லோருக்கும் தெரியும். கணவன் கொடுத்தனுப்பிய இரண்டு மாங்கனியில் ஒன்றை அடியாருக்கு இட்டுவிட்டு, கணவன் இரண்டாவதையும் கேட்கும்போது தவிப்பது மனைவி, பக்தை என்ற இரண்டு பங்குகளின் மோதல். ஆனால் அந்தக் கதை சேக்கிழார் 12-ஆம் நூற்றாண்டில் பெரியபுராணத்தில் சொன்னது. அம்மையார் தம் பாடல்களில் மாங்கனியைப் பேசவில்லை, கணவனையும் பேசவில்லை. “கொங்கை திரங்கி நரம்பெழுந்து” என்று பேயுருவையும் திருவாலங்காட்டுச் சுடுகாட்டையும் பாடுகிறார். வீட்டுக்காரியாக அவரை நினைவில் வைத்தது பிறர். இதை மறந்துவிட்டு அவரைக் ‘கற்புள்ள மனைவி’ பட்டியலில் சேர்ப்பது அவர் எழுதியதைப் படிக்காமல் பேசுவது.

எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிமாருக்கு இதெல்லாம் ஏது?

அவர்களிடம்தான் மிகுதியாக இருந்தது. உலக்கை போடும்போது பாடுகிற வள்ளைப் பாட்டு கலித்தொகையிலேயே இடம்பெற்றிருக்கிறது. இரண்டு பெண்கள் குற்றிக்கொண்டே பாடுவார்கள், ஒருத்தி தலைவனைக் குறை சொல்வாள், மற்றவள் புகழ்வாள். வேலையின் தாளத்திலேயே வழக்கும் நடக்கும்.

தாலாட்டைக் கவனியுங்கள். “மாமன் அடிச்சானோ மல்லிகைப்பூச் செண்டாலே” என்று தொடங்கி, அத்தை, பாட்டி என்று ஆள் ஆளாகக் கேட்டுப் போகும். குழந்தையை யாரும் அடித்திருக்க மாட்டார்கள். பாடுகிறவள் தன் பிறந்த வீட்டுப் பெருமையையும் புகுந்த வீட்டுக் குறையையும் தொட்டிலை ஆட்டிக்கொண்டே காற்றில் விடுகிறாள். கூடத்தில் இருப்பவர்களுக்கும் அது கேட்கும், ஆனால் தாலாட்டை யார் தடுப்பார்கள்? மருமகளாக வாய்திறக்க முடியாததைத் தாயாகப் பாடிவிடுகிறாள். செங்கோட்டை ஆவுடையக்காளும் பெண்கள் கூடிப் பாடுகிற கும்மி மெட்டைத்தான் வேதாந்தம் சொல்ல எடுத்துக்கொண்டார். சின்ன வயதிலேயே கைம்மை அடைந்தவர் அவர். அவருடைய சூடாலைக் கும்மியில் மனைவிதான் கணவனுக்கு ஞானம் சொல்லிக் கொடுக்கிறாள்.

நவீன கவிதையில யாரிடமிருந்து தொடங்கலாம்?

1970-களில் இரா. மீனாட்சி, 1980-களின் இறுதியில் சுகந்தி சுப்ரமணியன். ஈழத்திலிருந்து 1986-இல் சித்திரலேகா மௌனகுரு தொகுத்த ‘சொல்லாத சேதிகள்’. பிறகு சல்மாவின் ‘ஒரு மாலையும் இன்னொரு மாலையும்’ (2000), அ. வெண்ணிலா, மாலதி மைத்ரி, உமா மகேஸ்வரி, குட்டி ரேவதி, சுகிர்தராணி, அனார். வரிசையாகப் படிக்க வேண்டிய கட்டாயமில்லை. ஒருவருடைய முழுத் தொகுப்பைப் படிப்பது பத்துப் பேரின் ஒவ்வொரு கவிதையைப் படிப்பதைவிட நல்லது என்பேன்.

எப்பப் பார்த்தாலும் அடுப்படி, பாத்திரம், துணி. சலிப்பா இருக்கே, வேற விஷயமே கிடையாதா?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் கடல், மழை, நிலா என்று ஆயிரம் கவிதை வந்தால் சலிப்பதில்லை. போர்க்களம் பாடிய புலவரை ‘எப்பப் பார்த்தாலும் யானையா’ என்று யாரும் கேட்டதில்லை. ஒருவர் நாளில் பெரும்பகுதியைக் கழிக்கிற இடம் அவர் கவிதைக்கு நிலமாகிறது. குறிஞ்சிக்கு மலை மாதிரி.

சலிப்பு வருவதற்கு நியாயமான காரணமும் ஒன்று உண்டு. அடுப்பு என்றால் அடிமைத்தனம், ஜன்னல் என்றால் விடுதலை, கதவு என்றால் தடை என்று முன்பே ஒட்டி வைத்த சீட்டோடு வரும் கவிதைகள் நிறைய இருக்கின்றன. அவை சலிக்கத்தான் செய்யும். அதே போல, பெண் கவிதை எதைப் பார்த்தாலும் ‘அடுக்களைச் சிறை’ என்று எழுதிவிடுகிற விமர்சனமும் சலிக்கிறது. அது ‘தாய்மையின் பெருமை’ என்று எழுதுகிற பழைய விமர்சனத்துக்கு எந்த வகையிலும் மேலானதில்லை, இரண்டுமே கவிதையைப் பார்ப்பதில்லை. பெருங்கோப்பெண்டின் எள்ளுத் துவையல் எதற்கும் குறியீடு கிடையாது. அது துவையல்தான். அதனால்தான் சுடுகிறது.

கவிதையில ‘நான்’னு வந்தா அது அவங்க சொந்த வீட்டுக் கதைதானே?

கூடலூர் கிழார் செவிலியாகப் பேசியபோது யாரும் அவரைச் செவிலி என்று நினைக்கவில்லை. அந்தச் சலுகையைப் பெண் கவிஞருக்கும் கொடுக்க வேண்டும். கவிதையில் வரும் கணவனைத் தேடிப் போய் அவர் வீட்டுக் கதவைத் தட்டக் கூடாது.

இது வெறும் வாசிப்பு நாகரிகம் சார்ந்த விஷயம் இல்லை. ‘நான்’ என்றால் அவள்தான் என்று உறவினர்கள் படிப்பதால் எழுதுவதே ஆபத்தாகிவிடுகிறது. சல்மா துவரங்குறிச்சியில் பள்ளிப் படிப்பு நிறுத்தப்பட்டு வீட்டுக்குள் வளர்ந்தவர். கல்யாணத்துக்குப் பிறகு மறைந்து எழுத வேண்டியிருந்தது, புனைபெயரில்தான் வெளியிட முடிந்தது. எழுதுகிறவள் என்ற பங்குக்கும் மருமகள் என்ற பங்குக்கும் நடந்த மோதல் கவிதைக்கு உள்ளே வருவதற்கு முன்பே, தாளை எங்கே ஒளித்து வைப்பது என்பதில் தொடங்கிவிடுகிறது.

உடலைப் பத்தி எழுதினதும் இதுல சேருமா? அது வேற விஷயம் இல்லையா?

சேரும். 2000-களின் தொடக்கத்தில் குட்டி ரேவதியின் ‘முலைகள்’ (2002) போன்ற தொகுப்புகள் வந்தபோது திரைப்பாடலாசிரியர்கள் சிலர் உட்படப் பலர் கொதித்தார்கள். ஆபாசம் என்று சொல்லப்பட்ட கவிதைகள் பலவும் படுக்கையறையை வீட்டின் ஓர் அறையாக, வேலை நடக்கிற இடமாகப் பார்த்தவை.

சல்மாவின் ‘ஒப்பந்தம்’ என்ற கவிதையில் படுக்கையறையில் எது தவறினாலும் குற்றம் அவள் மேல்தான் என்று அம்மா மறைமுகமாகவும் அக்கா கோபமாகவும் சொல்கிறார்கள். கடைசியில் அவள் இணங்குவதற்கான காரணங்களைக் கணக்குப் போடுகிறாள்: கலங்கலாக இருந்தாலும் கொஞ்சம் அன்பு, குழந்தையின் தாய் என்ற பொறுப்பு, வெளியுலகிலிருந்து வாங்கி வர வேண்டிய சானிட்டரி நாப்கினும் கருத்தடைச் சாதனமும், சில்லறை உதவிகள், முடிந்தால் சிறிது அதிகாரம். மளிகைச் சீட்டைப் படிக்கிற அதே குரலில் இது வருகிறது. கொதித்தவர்கள் அந்த நாப்கின் வரியை நின்று படித்திருந்தால் வேறு மாதிரிப் பேசியிருப்பார்கள் என்று நம்புகிறேன். தெருவுக்குப் போக முடியாத ஒருத்தியின் கவிதை அது.

எல்லாப் பெண்களுக்கும் வீடு ஒரே மாதிரியா? பொதுவா ‘வீடு’ன்னு பேசலாமா?

பேசக் கூடாது. வீட்டுக்குள் அடைபட்டதைப் பாடுவதற்கு முதலில் ஒரு வீடும், அதில் பொங்குகிற அடுப்பும் வேண்டும். சுகிர்தராணியின் ஒரு கவிதையில் சிறுமி வெகுநேரம் நின்று ஊர்ச்சோறு வாங்கித் தின்றுவிட்டு, சுடுசோறு தின்றதாகப் பெருமை பேசுகிறாள். பறை மாட்டிய அப்பா தெருவில் எதிரே வந்தால் முகத்தை மறைத்துக்கொள்கிறாள். மகள் என்ற பங்கும் வகுப்பறையில் மாணவி என்ற பங்கும் அங்கே மோதுகின்றன. மோத வைப்பது சாதி. வளர்ந்தபின் யார் கேட்டாலும் தன் சாதியைப் பளிச்சென்று சொல்லிவிடுவதோடு கவிதை முடிகிறது. குறுந்தொகைப் பெண்ணின் மோர்க்குழம்பையும் இந்தச் சிறுமியின் சோற்றையும் ‘உணவுப் படிமம்’ என்ற ஒரே தலைப்பில் அடைத்தால் இரண்டையும் இழந்துவிடுவோம்.

ஈழத்துக் கவிதைகளில் வீடே நிலையில்லை. சிவரமணி யுத்தகால இரவு குழந்தைகளை எப்படிப் பெரியவர்களாக்கிவிடுகிறது என்று எழுதினார். தாலாட்டுக்குப் பதில் துப்பாக்கிச் சத்தத்தில் கதவு அடைபடும் வீடு அது. 1991-இல் தம் கவிதைகளை எரித்துவிட்டு உயிரை மாய்த்துக்கொண்டார். பிறர் கையில் இருந்தவை மட்டும் மிஞ்சின.

குழந்தைமேல பாசமும் இருக்கு, எரிச்சலும் இருக்குன்னு ஒரே கவிதையில வந்தா கவிஞர் எந்தப் பக்கம்?

இரண்டு பக்கமும். இந்தக் கேள்வியில்தான் மாணவர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள், ஏனென்றால் தேர்வில் மையக்கருத்து ஒன்றுதான் எழுதச் சொல்கிறார்கள். ஒக்கூர் மாசாத்தியார் விருப்பத்தையும் மயக்கத்தையும் ஒரே அடியில் வைத்துவிட்டு எதையும் கழிக்காமல் போனார் என்று மேலே பார்த்தோம். நல்ல கவிதை பங்கு முரணைத் தீர்த்து வைப்பதில்லை. குழந்தை தூங்கினால் எழுதலாம் என்று காத்திருப்பவள், அது தூங்கியதும் முகத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்துவிடலாம். எழுத முடியாத கோபமும் பார்த்த சந்தோஷமும் இரண்டுமே உண்மை. ‘ஆக அவள் தாய்மையை நேசிக்கிறாள்’ என்றோ ‘ஆக அவள் தாய்மையை மறுக்கிறாள்’ என்றோ எழுதினால் பாதிக் கவிதை கையை விட்டுப் போகும்.

இப்ப பெண்கள் வேலைக்குப் போறாங்க, மிக்சி கிரைண்டர் வந்தாச்சு. இன்னும் இந்த முரண் இருக்கா?

உரல் போனது, பங்கு போகவில்லை. சம்பாதிப்பவள் என்ற பங்கு கூடியிருக்கிறது, பழையவை எதுவும் குறையவில்லை. கவிதையில் மாறியிருப்பது பொருள்கள்: பேருந்து, சாவிக்கொத்து, கைபேசி, டிபன் பாக்ஸ். சாவிக்கொத்து எனக்குப் பிடித்த பொருள். அது வீட்டைப் பூட்டிவிட்டு வெளியே போகவும் உதவும், எங்கே போனாலும் வீட்டைப் பையில் தூக்கிக்கொண்டு போகவும் வைக்கும்.

ஆண் கவிஞர் சமையலறையைப் பத்தி எழுதினா ஏத்துக்க மாட்டீங்களா?

தாராளமாக எழுதலாம். முதல் பதிலில் சொன்ன மூன்று கேள்விகளை அங்கேயும் கேட்பேன். அம்மாவின் கைமணத்தை நினைத்து உருகுகிற கவிதைகளில் பெரும்பாலும் சாப்பிடுகிறவர்தான் பேசுகிறார். சமைத்தவருக்கு அன்று என்ன வலி இருந்தது என்று ஒரு வரி இருந்தால்கூட அந்தக் கவிதை வேறு உயரத்துக்குப் போகும்.

நானும் எழுதுறேன். குக்கர், சிங்க், துணி காயப்போடறதுன்னு எழுதினா கவிதையா ஏத்துக்குவாங்களா?

எழுதுங்கள். பெயர்ச்சொல்லைவிட வினைச்சொல்லில் கவனம் வையுங்கள். ‘சமையலறை’ என்று எழுதுவதைவிட, அடிப்பிடித்த பாலைச் சுரண்டும்போது எந்த விரல் நகம் தேய்கிறது என்று எழுதுவது மேல். எந்த வேலை முடிகிறது, எது முடியாமல் நாளைக்கும் வருகிறது என்று பாருங்கள். வீட்டில் யாருக்கு அந்த வேலை கண்ணில் படுவதே இல்லை என்றும் பாருங்கள்.

அப்புறம், கடைசி வரியில் விளக்கம் வைக்காதீர்கள். துணியைப் பிழிந்து கொடியில் போட்டாயிற்றா, ‘என் வாழ்க்கையும் இப்படித்தான்’ என்று ஒரு வரி கையில் தானாக வந்து நிற்கும். அதை அடித்துவிட்டு, துணியிலேயே நிறுத்திப் படித்துப் பாருங்கள். பெரும்பாலும் கவிதை அங்கேயே முடிந்திருக்கும். முடியாவிட்டால், பிழிந்த கையைப் பற்றி இன்னும் ஏதோ எழுதாமல் விட்டிருக்கிறீர்கள்.